ஐந்தாம் வகுப்பில் இரண்டு கிவெலாக்கள்

1

இந்தக் கதையைத் திருடினேன் என்று சொன்னால் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருக்கும். உண்மை அதைவிடச் சாதாரணம். எங்கள் ஊர் ஐஸ் ஹாக்கி அரங்கில் சூடான சாக்லேட் வாங்க வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண் பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள்: "சின்னவளத் தூக்கிப் பெரியவ கிளாஸ்ல போடப் போறாங்களாம். பெரியவகிட்ட யாரு சொல்றது?"

பக்கத்தில் நின்றவள் "அடப்பாவமே" என்றாள். கோப்பையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். கேட்டவளும் போய்விட்டாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. மாவட்டச் சாலைத் துறையின் ஆரஞ்சு நிற மேல்சட்டையைத்தான், அதுவும் முதுகுப் பக்கத்தை, பார்த்தேன். அந்தச் சட்டையை வைத்து அவளைப் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவள் ஆக்கினேன். கார்லீன் கிவெலா என்று பெயர் வைத்தேன். இரண்டு பெண்களைக் கொடுத்தேன். கணவனைப் பிரித்து விஸ்கான்சின் மாநிலத்துக்கு அனுப்பினேன். (கதைக்குள் இருந்தால் எல்லாவற்றுக்கும் "உன் இஷ்டம்" என்று சொல்லிக்கொண்டிருப்பான். அதை ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னால் போதும்.) ஆக, இதில் அந்த ஒரு கேள்விதான் நிஜம். மீதியெல்லாம் என் கைவரிசை.

அந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியாது. தெரிந்திருந்தால் கட்டுரை எழுதியிருப்பேன்.

2

உண்மையில் கட்டுரையாகத்தான் தொடங்கினேன். இதோ, அடிக்காமல் விட்டுவைத்திருக்கிறேன்:

"1957இல் சோவியத் நாடு வானத்தில் ஒரு சின்ன உலோக உருண்டையைச் சுற்றவிட்டது. அமெரிக்கா அரண்டுபோனது. அடுத்த ஆண்டே சட்டம் வந்தது. நாட்டின் கெட்டிக்காரப் பிள்ளைகளைச் சீக்கிரமே கண்டுபிடித்து அவர்களைக் கணக்கிலும் அறிவியலிலும்..."

இங்கே நிறுத்திவிட்டேன். சொன்னதில் தப்பில்லை. ஆனால் இப்படித் தொடங்கினால் ராக்கெட்டுக்கு ஆள் பிடிக்கிற கதையாகிவிடும். ஒன்பது வயதுப் பிள்ளை காலையில் ஏன் சாப்பிடமாட்டேன் என்கிறது என்பதற்கு அதில் இடமே இருக்காது.

இரண்டாவது தொடக்கம்:

"ஐலா கிவெலா இரண்டு வயதிலேயே பால் அட்டைப்பெட்டியில் இருந்த எழுத்துகளை..."

வேண்டாம். இந்த மாதிரிப் பிள்ளைகளை நீங்கள் நிறையப் பார்த்துவிட்டீர்கள். கனமான கண்ணாடி, சதுரங்கம், பெரிய மனுஷப் பேச்சு. வாசகரை வாய் பிளக்க வைப்பதற்காக அந்தப் பிள்ளைகளைக் கதைக்குள் நடத்திக் கூட்டி வருவார்கள். எனக்கு அந்த வித்தை காட்டும் வேலை பிடிக்காது.

2 (மறுபடியும்)

ஐலா குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் வேலையிலிருந்து வந்த கார்லீன், பூட்ஸைக்கூடக் கழற்றாமல் அவள் முன்னால் குந்தியிருந்தாள்.

"வலிக்குது."

"எங்க?"

"நேத்து வலிச்ச எடத்துலதான்."

கதவுக்கு வெளியே டெஸ்ஸா தன் பையையும் தங்கையின் பையையும் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். ஐந்தாம் வகுப்பு. தங்கைக்கு ஒரு வகுப்பு மூத்தவள்.

"அம்மா, பஸ் வந்துடும். வாந்தி எடுக்கறதுன்னா இப்பவே எடுக்கச் சொல்லு. பஸ்ல எடுத்தா அந்தக் கோடிங்கற பய வாரம் பூரா சொல்லிக் காட்டுவான்."

"நீ ஒருத்திதான்டி பாக்கி."

"போன தடவ அவன்கிட்ட சண்ட போட்டது யாரு? நான்தான். டிரைவருக்குப் பின்னாடி சீட்ல ஒக்கார வெச்சது யார? என்னத்தான்."

டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். பாலை நிறுத்திப் பாருங்கள் என்றார். பாலை நிறுத்தினார்கள். வலி நிற்கவில்லை. ஆனால் கார்லீன் ஒன்றைக் கவனித்தாள். வியாழக்கிழமை மட்டும் வலி வருவதில்லை.

வியாழக்கிழமை மிஸஸ் பெவர்லி டுஃப்ரேன் வரும் நாள். ஏரிக்கரைப் பள்ளிகளில் மீத்திறன் பிள்ளைகளுக்கென்று இருக்கும் ஒரே ஆசிரியை. உடற்பயிற்சிக் கூடத்தை ஒட்டி, மடக்கு நாற்காலிகள் அடுக்கியிருக்கும் அறையில், பரீட்சையில் குறித்த எண்ணைத் தாண்டிய பிள்ளைகளைக் கூட்டி வைத்து மத்தியானம் வரை பாடம் நடத்துவார். உடையாமல் இறங்குகிறதா என்று பார்க்க, முட்டையைச் சுற்றி உறிஞ்சுகுழல்களைக் கட்டிக் கூரையிலிருந்து போடுவார்கள். ஆளில்லாத் தீவுக்குச் சட்டம் எழுதுவார்கள். ஐலாவுக்கு அங்கே பசிக்கும். கொண்டுபோன ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு டெஸ்ஸாவிடம் போய் அவளுடையதிலும் பாதி கேட்பாள்.

* வியாழக்கிழமை தன் சொந்த வகுப்பில் விட்டுப்போன பயிற்சித்தாள்களை வெள்ளிக்கிழமை உட்கார்ந்து முடிக்க வேண்டும். பல ஊர்களில் இதுதான் வழக்கம். விருந்துக்குப் போய்வந்த பிள்ளை வீட்டிலும் முழுச் சாப்பாடு சாப்பிட்டாக வேண்டும் என்பது போல. இதை யோசித்துக் கண்டுபிடித்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. அவரைச் சந்திக்க விருப்பமும் இல்லை.

3

ஐலா அப்படி என்னதான் செய்தாள் என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க உரிமை உண்டு. வித்தை காட்டமாட்டேன் என்றேன், அதனால் ஒன்றே ஒன்று சொல்கிறேன்.

இலையுதிர் காலத்தில் நாலாம் வகுப்பில் வகுத்தல் கணக்கு. ஐலா ஒன்றை ஏழால் வகுத்தாள். புள்ளிக்குப் பிறகு 142857 வந்து, மறுபடியும் அதுவே வந்தது. இரண்டை ஏழால் வகுத்தாள், 285714. மூன்றை வகுத்தாள், 428571. அதே எண்கள், அதே வரிசை, தொடங்கும் இடம்தான் வேறு. ஒரு வட்டமாக எழுதி வைத்துக்கொண்டு சிரித்தாள். சாயங்காலம் வீட்டில், கார்லீன் பார்க்க, பதின்மூன்றை எடுத்தாள். அதற்கு இரண்டு வட்டம் வந்தது. சில எண்கள் ஒரு வட்டத்தில் போயின, சில இன்னொன்றில்.

"ஏழுக்கு ஒரு வட்டம். பதிமூணுக்கு மட்டும் ஏன் ரெண்டு?" என்று மறுநாள் ஆசிரியையிடம் கேட்டாள்.

"அருமையான கேள்விடா கண்ணு. மொதல்ல இந்தப் பக்கத்த முடிச்சிடு" என்றார் அவர். கெட்டவர் இல்லை. அறை நிறையப் பிள்ளைகள், பாதிப் பேருக்கு இன்னும் பெருக்கல் வரவில்லை.

ஐலா பக்கத்தை முடித்தாள். இன்னொரு பக்கம் கொடுத்தார்கள். அதையும் முடித்தாள். மூலையில் ஒரு கணினி கொடுத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டார்கள். அதில் ஒரு கார்ட்டூன் அணில், சரியான விடைக்கெல்லாம் கைதட்டியது. அதுவும் முடிந்தது. பிறகு கணக்கு வராத பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார்கள். அவள் சொல்லிக்கொடுக்கிற வேகத்தில் அவர்கள் அழுதார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய முன்னேற்ற அறிக்கையில் "ஐலா இப்போது வகுப்பில் நன்றாகப் பொருந்திவிட்டாள்" என்று இருந்தது. கார்லீன் அதைப் படித்து மகிழ்ந்தாள். சில நாள் கழித்துக் காரில் போகும்போது சும்மா கேட்டாள்.

"அந்தப் பதிமூணு வட்டம் என்னாச்சு?"

"எந்த வட்டம்?" என்றாள் ஐலா.

கார்லீன் காரை ஓரமாக நிறுத்தினாள். பனியில் லாரி வழுக்கும்போதுகூட அவள் அப்படிப் பயந்ததில்லை. பிள்ளைக்குள் ஏதோ ஒன்று நின்றுபோய்க்கொண்டிருக்கிறது, அதைப் பார்த்துத்தான் எல்லாரும் நிம்மதி அடைகிறார்கள் என்று அவளுக்குப் பட்டது. மறுநாளே பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தாள்.

* நானும் தாளில் போட்டுப் பார்த்தேன். பதின்மூன்றுக்கு இரண்டு வட்டம்தான். ஏன் என்று எனக்கும் தெரியாது. யாரிடமாவது கேட்டால் சொல்வார்கள். ஐலாவுக்குக் கேட்க ஆள் இல்லை. இந்தக் கதையின் பிரச்சினையே அதுதான்.

4

கூட்டம் நடந்த அறையில் சின்னப் பிள்ளைகள் உட்காரும் நாற்காலிகள்தான் இருந்தன. முழங்கால் மார்பைத் தொட, கார்லீன் ஒருபுறம், மிஸஸ் டுஃப்ரேன் ஒருபுறம், தலைமையாசிரியர் டாரல் ஹோக்கன் நடுவில். டாரலும் கார்லீனும் இதே பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள்.

"மஃபின் எடுத்துக்க" என்றார் டாரல்.

"வேண்டாம். நீ மஃபின் குடுத்தா கெட்ட சேதி வருதுன்னு அர்த்தம்."

மிஸஸ் டுஃப்ரேன் தாள்களை மேசையில் வைத்தார். "நல்ல சேதிதான் கார்லீன். அஞ்சாவது வருஷக் கடைசிப் பரீட்சைய ஐலாவுக்கு வெச்சேன். முடிச்சிட்டு, வேற இருக்கான்னு கேட்டா. ஆறாவதோடதையும் வெச்சேன். ரொம்ப நாளாச்சு நான் இப்படி ஒரு பிள்ளையப் பாத்து. அவளுக்கு வேண்டியது வியாழக்கிழமை முட்ட உடைக்கறது இல்ல. தெனமும் மேல படிக்கணும்."

"அப்ப அஞ்சாவதுல போடுங்க."

டாரல் மஃபினின் தாளைப் பொறுமையாக உரித்தார்.

"ஒரு பிள்ளைய ஏத்தலாமான்னு மார்க் போட்டுப் பாக்கற கைநூல் ஒண்ணு வெச்சிருக்கோம், அதுல ஒரு கேள்வி இருக்கு" என்றார் மிஸஸ் டுஃப்ரேன். "பிள்ளைய ஏத்திவிடற வகுப்புல கூடப்பிறந்தவங்க யாராச்சும் இருக்காங்களான்னு. இருந்தா ஏத்தாதேன்னு இருக்கு. மார்க் கொறைக்கற விஷயம் இல்ல இது. அங்கயே நிறுத்திடணும்."

"அதையும் இதையும் யோசிச்சுத்தான் எழுதிருப்பாங்க" என்றார் டாரல். "நம்ம ஸ்கூல்ல ஒரு வகுப்புக்கு ஒரு ரூம்தான். வேற பிரிவு இருந்தா இந்தப் பேச்சே இல்ல."

"கணக்குக்கு மட்டும் அனுப்புங்க."

"அதுவும் டெஸ்ஸா ரூம்தானே."

"ஆறாவது?"

"பெரிய ஸ்கூல் பஸ்ல ஒன்பது வயசுப் பிள்ள. எட்டாவது பசங்களோட. நீ அனுப்புவியா?"

அனுப்பமாட்டாள். "அடுத்த வருஷம் டெஸ்ஸா அங்க போயிடுவா" என்று தொடங்கி, தானே நிறுத்திக்கொண்டாள். அடுத்த வருஷம் ஐலா ஐந்தாவது, டெஸ்ஸா ஆறாவது. எந்த வருஷம் ஏற்றினாலும் ஒரு படி மேலே டெஸ்ஸா நிற்பாள்.

"அந்தக் கேள்விய எழுதினவங்களுக்குப் பிள்ளைங்க உண்டா?" என்று கேட்டாள் கார்லீன்.

"கொறைஞ்சது ரெண்டு இருந்திருக்கணும்" என்றார் மிஸஸ் டுஃப்ரேன்.

(இங்கே ஒரு திருத்தம். முதல் பிரதியில் மிஸஸ் டுஃப்ரேனைச் சட்டம் பேசும் வில்லியாக எழுதினேன். உதட்டை இறுக்கி, மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்து. அது சுலபம். பிறகு அவரே ஒரு வாக்கியம் பேசினார். அதற்குப் பிறகு அவரை வில்லியாக்க முடியவில்லை. அந்த வாக்கியத்தைக் கீழே தருகிறேன்.)

"நான் ஒரு தடவ அந்தக் கேள்விய மீறிருக்கேன்" என்றார். "வேற ஊர்ல. அண்ணன் வகுப்புல தம்பியப் போட்டோம். தம்பி அப்படி ஒரு படிப்புப் படிச்சான்."

"அண்ணன்?"

"அண்ணன் என்ன ஆனான்னு எனக்குத் தெரியாது. அவன் என்னோட மாணவன் இல்லையே, நான் விசாரிக்கல."

கார்லீன் மேசையிலிருந்த தாள்களைத் தன் பக்கம் இழுத்தாள்.

"கையெழுத்து உன்னுது கார்லீன்" என்றார் மிஸஸ் டுஃப்ரேன். "நீ போடுன்னா கைநூல மீறிப் போடறோம். எங்க ரெண்டு பேருக்கும் சம்மதம்தான். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள சொல்லிடு. திங்கக்கிழமை அடுத்த பருவம் தொடங்குது. அதுக்கு மேல இந்த வருஷம் நடக்காது. டெஸ்ஸா என்ன சொல்றா?"

"அவகிட்ட இன்னும் சொல்லல" என்றாள் கார்லீன். பிறகு ஒரு மஃபினை எடுத்துச் சாப்பிட்டாள்.

5

இந்த இடத்தில் கட்டுரைக்காரன் மறுபடியும் எட்டிப்பார்க்கிறான். விட்டுவிடுகிறேன், பேசிவிட்டுப் போகட்டும்.

இந்தத் தனிப் படிப்பு எதற்கு? பரிசு என்று பலர் நினைக்கிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைக்குக் கெட்டிக்காரத்தனத்துக்கான பரிசு. அதனால்தான் மற்றப் பெற்றோருக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வருவது நியாயம்தான். கூரையிலிருந்து முட்டை போட எந்தப் பிள்ளைக்குப் பிடிக்காது? அதற்கு எதற்குப் பரீட்சை? எல்லாப் பிள்ளைக்கும் நல்லது எதுவோ அதை எல்லாருக்கும் கொடுங்கள், கதவை மூடாதீர்கள்.

மருந்து என்றால்? மருந்தைப் பார்த்து யாரும் பொறாமைப்படுவதில்லை. வியாழக்கிழமை மட்டும் கொடுப்பதும் இல்லை. ஆனால் ஐலாவுக்கு நோய் ஒன்றும் இல்லையே. அவளுக்கு இருப்பது பசி. ஒரு பிள்ளைக்கு இரண்டு இட்லி போதும், இன்னொன்றுக்கு ஐந்து வேண்டும். ஐந்து சாப்பிடுகிற பிள்ளையை யாரும் மேடையில் ஏற்றிக் கைதட்டுவதில்லை, இரண்டோடு நிறுத்து என்று பந்தியை விட்டு எழுப்புவதும் இல்லை. இலையைப் பார்த்துப் பரிமாறுகிறோம். பள்ளிக்கூடத்துக்கு மட்டும் இது ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது? வயதை வைத்து வரிசை கட்டியதால்தான். பிறந்த வருஷத்தைக் கலைத்துவிட்டு, கணக்கில் இந்தப் படி, வாசிப்பில் அந்தப் படி என்று எல்லாப் பிள்ளைகளையும் அவரவர் நிற்கும் இடத்திலிருந்து நடக்கவிட்டால், ஏற்றுவது இறக்குவது என்ற பேச்சே...

"அதெல்லாம் சரி" என்கிறாள் கார்லீன். அவளை நான் இந்தப் பகுதிக்குள் கூப்பிடவே இல்லை. "திங்கக்கிழமைக்குள்ள அதெல்லாம் பண்ணிடுவீங்களா? டெஸ்ஸாகிட்ட யாரு சொல்றது?"

கட்டுரைக்காரன் போய்விட்டான்.

6

வெள்ளிக்கிழமை பள்ளி இல்லை. ராத்திரி கொட்டிய பனியில் பஸ்கள் ஓடவில்லை. பள்ளி மூடினால் ஊருக்கெல்லாம் விடுமுறை, கார்லீனுக்கு மட்டும் இரட்டை வேலை. சாலைகளைத் தள்ளி முடித்துவிட்டு அவள் வீட்டுக்கு வரும்போது வெயில் ஏறிவிட்டது. பெண்கள் இரண்டு பேரும் சமையலறை மேசையில் இருந்தார்கள். குளிர்பெட்டியின் கதவில் டெஸ்ஸாவின் பின்னக் கணக்கு அட்டைகள் ஒட்டியிருந்தன. தினம் காலையில் பல் துலக்கிக்கொண்டே அவற்றைப் படிப்பாள். படித்தும் சுமாரான மதிப்பெண்தான் வரும். மறுநாளும் படிப்பாள்.

கார்லீன் அடுப்பிலிருந்து இறைச்சியும் கிழங்கும் வைத்துச் சுட்ட பாஸ்டியை எடுத்து மேசையில் வைத்தாள். உட்காராமலே சொல்லிவிட்டாள். உட்கார்ந்தால் சொல்லமுடியாது என்று அவளுக்குத் தெரியும்.

"ஐலாவ மேல ஏத்தலாமான்னு ஸ்கூல்ல கேக்கறாங்க."

"எங்க மேல?" என்றாள் டெஸ்ஸா.

"அஞ்சாவதுல."

டெஸ்ஸா மென்றுகொண்டிருந்ததை விழுங்கினாள். "என் கிளாஸ்ல."

"ஆமா."

"மொத்தமாவா, கணக்குக்கு மட்டுமா?"

"நாம சொல்றதுதான். இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள சொல்லணும்."

டெஸ்ஸா தங்கையைப் பார்க்கவில்லை. குளிர்பெட்டியைப் பார்த்தாள். "அவளுக்கு எல்லாம் வரும்னு எனக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். ஆனா அது வேற ரூம்ல இருந்துச்சு."

நான் எழுதிய எல்லா ஆறுதல் வாக்கியங்களையும் கார்லீன் வாயில் வைத்துப் பார்த்தேன். "உனக்கும் உன் திறமை இருக்கு" என்று ஒன்று. "நீ நல்லா ஹாக்கி ஆடறே இல்ல" என்று இன்னொன்று. எதையும் அவள் சொல்ல மறுத்துவிட்டாள்.

அதற்குப் பதில் அவள் செய்தது, அந்த வீட்டில் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தப்பு. கிவெலா வீட்டில் எதைப் பங்கு போட்டாலும் ஒருத்தி வெட்ட வேண்டும், மற்றவள் எடுக்க வேண்டும். பாஸ்டி, கேக், கார் ஜன்னலோர இருக்கை, அப்பாவோடு போனில் பேசும் நேரம், எல்லாவற்றுக்கும் இதுதான். சண்டையே வராது. வெட்டுகிறவள் தானாகவே சரியாக வெட்டுவாள். தூக்கம் கெட்ட கார்லீனுக்கு அந்த நேரத்தில் தெரிந்த ஒரே நியாயம் அது.

"சரி டெஸ். நீ வெட்டு. அவ எடுக்கட்டும்."

"எத?"

"ஸ்கூல."

அம்மா விளையாட்டுக்குச் சொல்கிறாளா என்று டெஸ்ஸா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு கத்தியை எடுத்து, பின்பக்கத்தால் மேசை விரிப்பில் ஒரு கோடு இழுத்தாள். நிறைய நேரம் யோசித்தாள். அவள் யோசிக்கிற பிள்ளைதான், மெதுவாக யோசிப்பாள்.

"இந்தப் பக்கம், நீ என் கிளாஸுக்கு வரே" என்றாள் ஐலாவிடம். "கணக்கு, எல்லாம். எவ்வளவு வேணுமோ பண்ணு. ஆனா அங்க நீ என் தங்கச்சி இல்ல. என் பக்கத்துல ஒக்காரக் கூடாது. லஞ்சுல என் மேசைக்கு வரக் கூடாது. பஸ்ல கோடி ஏதாச்சும் சொன்னா நான் திரும்பிப் பாக்க மாட்டேன்."

"டெஸ்ஸா" என்றாள் கார்லீன்.

"வெட்டச் சொன்னே இல்ல. வெட்டறேன்." கத்தியால் கோட்டின் மறுபக்கத்தைத் தட்டினாள். "இந்தப் பக்கம், நீ நாலாவதுலயே இருக்கே. எல்லாம் இப்ப இருக்கற மாதிரியே இருக்கும். நான் பாத்துப்பேன். அவ்ளோதான். எடு."

ஐலா கோட்டைப் பார்த்தாள். கோட்டின் இரண்டு பக்கமும் கையை வைத்துப் பார்த்தாள். பல மாதங்களாகக் கார்லீன் பார்க்காத ஒரு முகம் அவளுக்கு வந்தது, ஏழாலும் பதின்மூன்றாலும் வகுத்துக்கொண்டிருந்தபோது இருந்த முகம். தாய் அதைப் பார்த்துவிட்டாள். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"நான் இத எடுத்தா உனக்கு என்ன மிச்சம்?" என்று கேட்டாள் ஐலா, ஐந்தாம் வகுப்புப் பக்கத்தைக் காட்டி.

"எனக்கு ஒண்ணும் வேணாம்."

"வெட்டறவளுக்கு மிச்சம் இருக்கணும். இதுல உனக்குத் தங்கச்சியும் இல்ல, கணக்கும் இல்ல. உனக்கு ஒண்ணுமே இல்லையே."

டெஸ்ஸா கத்தியை மேசையில் வைத்தாள்.

"நான் நாலாவதுலயே இருக்கேன்" என்றாள் ஐலா. பாஸ்டியின் ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். மெல்லவில்லை.

கார்லீனுக்கு நிம்மதியாக இருந்தது. இதை நான் மறைக்கப்போவதில்லை. ஒரு கணம், உடம்பெல்லாம் இளகுகிற மாதிரி நிம்மதி. இனிக் கையெழுத்து இல்லை, கூட்டம் இல்லை, பெரியவளிடம் சொல்லியாகிவிட்டது, சின்னவளே முடிவு எடுத்துவிட்டாள். பெரியவர்களுக்கு ஒரு வேலையும் வைக்காமல் ஒன்பது வயதுப் பிள்ளை எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்துவிட்டது. அந்த நிம்மதியை நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

டெஸ்ஸாதான் உடைந்தாள். நாற்காலி சாய எழுந்தாள்.

"நான் கேட்டேனா? உன்ன யாரு விட்டுக்குடுக்கச் சொன்னது? இப்ப உனக்கு வயிறு வலிக்கும்போதெல்லாம் என்னாலதான் வலிக்கும். எல்லாரும் என்னத்தான் பாப்பாங்க."

"நீதானே வெட்டினே" என்றாள் ஐலா, மெதுவாக.

"அம்மாதான் வெட்டச் சொன்னா."

இரண்டு பேரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

7

இதற்கு மேல் மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஒன்றில் கார்லீன் ஐலாவின் பேச்சை ஏற்றுக்கொள்கிறாள். ஐலா நாலாம் வகுப்பில் நன்றாகப் பொருந்திவிடுகிறாள். வயிற்றுவலிகூட நின்றுவிடுகிறது. அந்த முடிவைப் படித்த என் நண்பர் ஒருவர் "அமைதியான முடிவு" என்றார். எனக்கு அது ஒரு பிள்ளை அணைந்துபோகிற முடிவாகத் தெரிந்தது. அவர் டெஸ்ஸாவைப் பற்றி மட்டும்தான் கேட்டார், "அவளுக்கு ஒண்ணும் ஆகலையே" என்று.

இன்னொன்றில் கார்லீன் இருவர் பேச்சையும் தள்ளிவிட்டு "போடுங்க" என்று சொல்லிவிடுகிறாள். திங்கட்கிழமை ஐந்தாம் வகுப்பில் ஐலா முதல் முறை கை தூக்குகிறாள். டெஸ்ஸா குனிந்து தன் தாளை முழங்கையால் மறைத்துக்கொள்கிறாள். அந்த முழங்கைக்கு அப்பால் என்னால் எழுதமுடியவில்லை.

மூன்றாவதில் டெஸ்ஸா திரும்பி வந்து உட்கார்ந்து, "சரி, வா. என் பக்கத்துலயே ஒக்காரு" என்கிறாள். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. மறுநாள் படித்தபோது வெட்கமாக இருந்தது. ஒரு பள்ளிக்கூடத்தாலும், ஒரு கைநூலாலும், அறுபது வருஷத்துக்கு மேலாகச் சட்டம் எழுதும் ஒரு நாட்டாலும் முடியாததை, பின்னம் வராத ஒரு சின்னப் பெண் நல்ல மனசால் சரிசெய்துவிடுகிறாள். அப்படி முடித்தால் நாம் எல்லாரும் நன்றாகத் தூங்கலாம். அடித்துவிட்டேன்.

ஆகவே நான் இங்கே நிறுத்துகிறேன். மத்தியானம் ஆகப்போகிறது. வெளியே பக்கத்து வீட்டுக்காரர் பனி அள்ளும் சத்தம். டெஸ்ஸா கைகளைக் கட்டிக்கொண்டு குளிர்பெட்டியில் சாய்ந்து நிற்கிறாள். அவள் முதுகு பட்டு ஒரு அட்டை கீழே விழுகிறது. ஐலா அதை எடுக்கக் குனிந்து, டெஸ்ஸாவைப் பார்த்து, எடுக்காமல் நிமிர்கிறாள்.

சுவரில் போன் அடிக்கிறது. கார்லீன் எடுக்கிறாள்.

"கார்லீன், பெவர்லி பேசறேன். ஸ்கூல் மூடிருந்தாலும் ஆபீஸ்லதான் இருக்கேன், டாரல் பக்கத்துலதான் இருக்காரு. என்ன முடிவு பண்ணே?"

கார்லீன் வாயைத் திறக்கிறாள். நான் அவளுக்கு எழுதிக்கொடுக்கவில்லை.

"கார்லீன்? இருக்கியா?"

போனை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். சீக்கிரம் பேசுங்கள், அங்கே காத்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த அறைக்குப் போய்ப் பேசலாம் என்று பார்க்காதீர்கள், போன் கம்பி அவ்வளவு தூரம் வராது. பிள்ளைகள் இரண்டு பேருக்கும் கேட்கும்.